விரலுக்குப் பின்னால் இன்னொரு விரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

லண்டன் நேஷனல் கேலரியில் நீ எடுத்த போட்டோ வந்தது. “உலக இரட்சகர்னு பேர், கையில உலக உருண்டைகூட இல்ல, முகத்துலயும் ஒண்ணும் இல்ல. இதுல என்னப்பா பார்க்குறது?” என்று கேட்டிருந்தாய். அந்த இயேசு படம், பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா வரைந்ததாயிற்றே! போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முகம் இருக்கட்டும், கையைப் பார். ஆசீர்வதிக்கும் வலது கைவிரல்கள் நம் பக்கம் நீள்கின்றன. படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கைக்கு மேலே கழுத்துப் பக்கம் பார். மங்கலாக இன்னொரு கை தெரிகிறதா? முதலில் அங்கேதான் வரைந்திருந்தார், நெஞ்சோடு ஒட்டித் தட்டையாக. அங்கியின் கழுத்து ஓரமும் இன்னும் மேலே இருந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை போல. அதன் மேலேயே வண்ணம் பூசி, கையை இறக்கி முன்னால் கொண்டுவந்துவிட்டார். எண்ணெய் வண்ணத்துக்கு வயதாக ஆக ஊடுருவித் தெரியும் தன்மை கூடும்; அடியில் மறைத்தது மெல்ல மேலே வரும். நான் கடைப்பலகை எழுதிய காலத்தில், வெள்ளையடித்து மறைத்த பழைய கடைப்பெயர் இரண்டு மழைக்குப் பிறகு எட்டிப் பார்க்குமே! காரணம் வேறு, சங்கடம் அதேதான்.

ஏன் மாற்றினார்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பழைய கை பீடத்துச் சுரூபத்தின் கை, எட்டவே நிற்கிறது. புதிய கை நம் நெற்றிக்குக் கிட்டே வருகிறது. இடது கை விரல்நுனிகள் கட்டைச்சுவர் விளிம்பில் இருக்கின்றன, பக்கத்து வீட்டு ஆள் சுவரோரம் வந்து நிற்பதுபோல. படமே 39க்கு 30 சென்டிமீட்டர் சுமார்தான், நம் வீட்டு நாள்காட்டி அட்டை அளவு. கிட்டே உட்கார்ந்து தனியாக ஜெபிக்கத் தோதானது. முகத்தில் கோபமோ சிரிப்போ வைத்திருந்தால், ஜெபிக்க வருகிறவர் தன் துக்கத்தை எங்கே வைப்பார்?

கட்டைச்சுவரில் ஒட்டியதுபோல மடிப்பு விழுந்த ஒரு காகிதமும் வரைந்திருக்கிறார். மெஸ்ஸினாக்காரன் அந்தோனெல்லோ வரைந்தான், ஆண்டு 1465 என்று லத்தீனில் எழுதியிருக்கும். கூடவே, அக்கால 15 வருடச் சுற்றுக் கணக்கில் எட்டாவது வருடம் என்றும் இருக்கிறது. அது பொருந்துவது 1475க்கு! கையைத் திருத்திய மனிதர் இதைக் கவனிக்கவில்லை பார்.

உன் போட்டோவில் விளக்கு வெளிச்சம் சரியாகக் கழுத்தின்மேலேயே விழுந்திருக்கிறது. அங்கே டிக்கெட் கிடையாதே, இன்னொரு நாள் போய், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, அந்த இடத்தை மட்டும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா