அதே குழாயைத் திரும்பவும் போடாதீங்க: மாநில அரசை நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமைச்சர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வெள்ளம், வெயில் மாதிரி ஆபத்துகளுக்கு முன்கூட்டியே தயாராகறதுக்கு, எல்லாத் துறையையும் சேத்துப் பாக்கற ஒரு தனி ஆபீஸை நம்ம மாநிலத்துல ஆரம்பிங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

ஒரு கல்வெர்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ரோட்டுக்கு அடியில ஓடை போறதுக்குக் குழாய் போட்டிருப்பாங்கல்ல, அதுதான். பெரிய மழையில தண்ணி உள்ள போக இடமில்லாம ரோட்டு மேல ஏறி, ஓரத்து மண்ணை அரிச்சு, ரோட்டையே ரெண்டா உடைச்சிடுது. அப்புறம் திரும்பக் கட்டறாங்க, அதே இடத்துல, அதே அளவு குழாய். ஏன்னு கேட்டா எஸ்டிமேட் அப்படித்தான் இருக்குங்கறாங்க, அந்த எஸ்டிமேட் பழைய மழைக் கணக்கை வெச்சுப் போட்டது. காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், கொட்டும்போது மொத்தமா கொட்டும், அப்ப பழைய கணக்கு எப்படிங்க செல்லும்?

இதுல யாரையும் தனியா குத்தம் சொல்ல முடியல. ரோடு ஒரு துறை, ஓடை இன்னொரு துறை, மேல தண்ணி தேங்கற இடத்துல வீடு கட்ட பர்மிஷன் குடுத்தது மூணாவது துறை, வெள்ளம் வந்தப்புறம் நிவாரணம் குடுக்கறது நாலாவது. நாலு ஃபைலையும் ஒரே மேசையில வெச்சுப் பாக்க ஆள் இல்ல. வெயிலும் இப்படித்தான். ராத்திரியும் சூடு தணியலன்னா ஒடம்பு தேற நேரமே கிடைக்காதுன்னு சுகாதாரத் துறைக்குத் தெரியும், ஆனா வெட்டவெளியில வேலை செய்யறவங்க நேரத்தை மாத்தறது தொழிலாளர் துறை கையில இருக்கு.

அமெரிக்காவுல சவுத் கரோலினா 2020லயே சட்டம் போட்டு இதுக்குன்னே ஒரு ஆபீஸ் வெச்சு, 2023ல மாநிலம் முழுசுக்கும் திட்டம் வெளியிட்டுச்சு. பக்கத்துல நார்த் கரோலினாவுல, 2018ல ஃப்ளோரன்ஸ் புயலுக்கு அப்புறம் ஆரம்பிச்ச ஆபீஸ் தலையில இடிஞ்ச வீடுகளைக் கட்டற வேலையும் விழுந்து, ஜனங்க வருஷக்கணக்கா காத்துக் கெடந்து, 2024ல பணமும் பத்தாம போச்சு. அதனாலதான் கெஞ்சிக் கேக்கறேன், இடிஞ்சதைத் திரும்பக் கட்டற வேலையை நம்ம புது ஆபீஸ்கிட்ட குடுத்துடாதீங்க, அடுத்த வெள்ளத்தைப் பத்தி யோசிக்க ஆளே மிஞ்ச மாட்டாங்க.

இந்த ஆபீஸைச் சட்டம் போட்டே ஆரம்பிங்க, வெறும் அரசாணைன்னா அடுத்து வர்றவங்க ஒரே கையெழுத்துல கலைச்சிடுவாங்க. தனி பட்ஜெட் வேணும். தலைவரா வர்றவருக்கு இது ஒண்ணுதான் வேலையா இருக்கணும், ஏற்கனவே மூணு துறை பாக்கறவர்கிட்ட கூடுதல் பொறுப்பா குடுத்தா ஞாபகம் வர்றப்பதான் பாப்பாரு. முக்கியமா, அந்தக் குழாய் ஃபைல் வரும்போது 'இந்த அளவு பத்தாது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பற அதிகாரம் வேணும். அது இல்லாம வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் மட்டும் போடற ஆபீஸா இருந்தா எங்களுக்கு வேண்டாம்.

வர்ற கூட்டத்தொடர்லயே மசோதாவைக் கொண்டு வாங்க. அடுத்த பெருமழைக்கு முன்னாடி அந்த ஓடைக்குப் பெரிய குழாய் போட்டாகணும்.