என்னிடம் கேட்டவர்களுக்கு

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் 22 வருடமாகத் தையல் மெஷின் மிதித்துப் பிழைப்பவள் நான். 2023 ஆவணியில் இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஆபரேஷன், 16 தடவை கீமோ, 15 நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரையோடு வீட்டில் இருக்கிறேன். மெஷினில் நேர்த்தையல் ஓட்ட ஆரம்பித்து நாளாகிவிட்டது. கைவேலைதான் வரவே இல்லை. போன வாரம் ஒரு ரவிக்கைக்கு ஆறு ஹூக்கும் நானே கட்டி முடித்தேன். அன்று ராத்திரியே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கட்டியை எடுத்து என் உயிரைக் காத்த டாக்டர்களை நேரிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மருந்து ஏற்றிய பிறகு என் உடம்பு பட்ட பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கும் வழி செய்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

கேன்சர் என்றால் வாந்தியும் வலியும் இருக்கத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானாகவே எடுத்துக்கொண்ட முடிவு. டாக்டரம்மா "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பேன். வெளியே அத்தனை பேர் பைலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என் பாட்டைச் சொல்லி நேரத்தை வாங்க மனசு வராது.

முதலில் அந்த டே கேர் சிஸ்டருக்கு. இரண்டாவது கீமோவுக்கு வந்தபோது நீங்கள் "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவில்லை. ஊசிக்கு நரம்பைத் தேடிக்கொண்டே, "கடைசியா எப்போ வெளிக்குப் போனீங்கம்மா?" என்று கேட்டீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து நாள் ஆகிறது என்றேன். வாந்திக்குக் கொடுக்கிற மாத்திரையே மலத்தைக் கட்டிவிடும், அதற்குத் தனி மருந்து உண்டு, கேட்டால்தானே கொடுப்பார்கள் என்றீர்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். நாக்கின் ஓரமெல்லாம் புண். ரசம் சாதம் கூட எரிகிறது என்று இரண்டு வாரமாக வெறும் கஞ்சியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, தினம் நாலைந்து தடவை கொப்பளிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்குகிற மெத்தென்ற பிரஷ்தான் வேண்டும். சாப்பாட்டை ஆறவைத்துச் சாப்பிட்டால் வாடை அவ்வளவாகக் குமட்டாது. பழைய கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்த அந்தச் சீட்டு எங்கள் அடுப்படிச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்டீர்கள்: "வேற யாராவது ஏதாவது பொடி, கஷாயம் குடுத்தாங்களா?" கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் நல்ல மனசோடுதான் வாங்கி வந்தார். திட்டுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் திட்டாமல், கீமோ முடிகிற வரைக்கும் வேண்டாம், ஈரலுக்கு இரட்டைச் சுமையாகிவிடும் என்று மட்டும் சொன்னீர்கள். அந்தத் தன்மைக்காகவே அன்றைக்கு மறைக்காமல் சொன்னேன்.

அடுத்து, அந்தக் கார்த்திகை மாத ராத்திரிக்காக. மூன்றாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் ஊரில் இருக்கும்போது உடம்பு காய்ந்தது. பகலில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கீமோ ஓடுகிறது என்று சொல்லியும், சீதோஷ்ணக் காய்ச்சல், மாத்திரை போட்டுத் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பதினொன்றுக்கு உதறல் எடுத்தது. பக்கத்து வீட்டு மதினி வந்து கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். வைத்தால் 101.6. அடையாறில் கொடுத்த பைலின் முதல் பக்கத்தில் 100.4க்கு மேல் போனால் உடனே வர வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அதை நான்தான் படித்தும் படிக்காதவளாக இருந்திருக்கிறேன். விடியட்டும், அலைய வேண்டாம் என்றேன். மதினி கேட்கவில்லை. அதிலிருந்த நம்பருக்கு அவரே போன் போட்டார். மறுமுனையில் பேசியவர் கேட்டது மூன்றே கேள்விதான்: மருந்து ஏற்றி எத்தனையாவது நாள், காய்ச்சல் எவ்வளவு, உதறுகிறதா? கேட்டுவிட்டு, "சென்னைக்கு வர வேண்டாம், பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எதுவோ அங்க இப்பவே போங்க, விடியட்டும்னு இருக்காதீங்க" என்றார்.

மதினியின் தம்பி கார் எடுத்தார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணிக்குள் போய்விட்டோம். அங்கே டூட்டியில் இருந்த டாக்டர் தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பைலைத்தான் முதலில் வாங்கிப் படித்தார். படுக்கை கிடைக்கும் முன்பே, ஸ்ட்ரெச்சரில் வைத்தே ரத்தம் எடுத்து, ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்றினார். வெள்ளையணுக்கள் 4,000க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 600 இருந்தது. எதிர்த்து நிற்க உடம்பில் ஆளே இல்லாத நேரம், காலை வரை இருந்திருந்தால் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கும் என்று பிறகு விளக்கினார். ஆறு நாள் கழித்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். மதினி, டீசலுக்குக்கூடக் காசு வாங்காத உங்கள் தம்பி, போனை எடுத்த முகம் தெரியாத அந்த நல்லவர், டாக்டர் தம்பி, நான்கு பேருக்கும் என் உயிர் கடன்பட்டிருக்கிறது.

ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் இருந்த அம்மாவையும் மறக்கவில்லை. "ட்ரீட்மெண்டுக்கா போறீங்க? சர்ட்டிபிகேட் வாங்கலையா?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணமும், கூட வருகிறவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி என்பதே எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் இரண்டு தடவை முழுக் காசு கொடுத்துப் போயிருந்தோம்.

திருத்தணி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? கீமோ நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். "தலையணையில முடி ஒட்ட ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டு, பைக்குள்ளிருந்து ஒரு தொப்பியை எடுத்து என் மடியில் வைத்தார். கணவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கையாலேயே தைத்தது. கோணல்மாணலான தையல். 22 வருடத்தில் என் கையில் எத்தனையோ துணி வந்து போயிருக்கிறது, அதைப் போல ஒன்று வந்ததில்லை. அக்கா இப்போது நம்மோடு இல்லை. அவருடைய மகள் இதைப் படித்தால், உன் அம்மாவின் தொப்பியை நான் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன் தாயி. எப்போது வேண்டுமானாலும் வா.

கடைசி 12 கீமோவும் வாராவாரம். அதில் வாந்தி குறைவு. ஆனால் விரல் நுனியெல்லாம் மதமதப்பு. செருப்பு கழன்று விழுந்தால் கால் அறியாது. தங்கியிருந்த அறையில் சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் தைக்க உட்கார்ந்தேன். ஊசி விரலிடுக்கில் இருக்கிறது என்று நினைத்துக் குத்துகிறேன், துணியில் ஒன்றும் ஏறவில்லை. ஊசி எப்போதோ தரையில் விழுந்திருக்கிறது. காந்தத்தைத் தரையில் உருட்டித் தேடி எடுத்தேன். எடுத்ததும் மறுபடி நழுவியது. அன்றைக்கு அழுததைப் போல மார்பை எடுத்தபோதுகூட நான் அழவில்லை. இதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏழாவது வாரம் புதிதாக வந்த டாக்டரம்மா, பைலை மூடி வைத்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். தையல் என்றேன். "ஊசி பிடிக்க முடியுதா?" அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். அவர் ஒரு சட்டையை வரவழைத்து என்னைப் பட்டன் போடச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார். ராத்திரி எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தார். வெந்நீர்ச் சூட்டை விரலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள் என்றார். முன்பே சொல்லியிருந்தால் முன்பே குறைத்திருப்பேன் என்று அவர் வருத்தப்பட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மதமதப்பு மெல்ல மெல்லத்தான் விட்டது. இரண்டு விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபி தங்கச்சி, நீ சுவரில் போட்ட பென்சில் கோடுகளை வெள்ளையடிக்கும்போது அழிக்க விடவில்லை. இடது கையைச் சுவரில் விரல் விரலாக ஏற்றி, வாரம் ஒரு கோடு. முதல் கோடு என் தோளுக்கும் கீழே, கடைசிக் கோடு தலைக்கு மேலே. அந்தக் கையில் ஊசியும் பிபி பட்டையும் கூடாது என்று நீ ஆயிரம் முறை சொன்னதை இப்போது நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

1954ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 12 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அடையாறு என்றும், டாக்டர் சாந்தா அம்மா தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார் என்றும் அங்கேதான் கேள்விப்பட்டேன். சாந்தா அம்மா 2021 ஜனவரியில் போய்விட்டார். நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் என் வணக்கம். சமையலே தெரியாமல் 58 வயதில் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும், கடையைப் பூட்டவிடாமல் ஓட்டிய என் மூன்று பிள்ளைகளுக்கும் நேரில் சொன்னால் கோபப்படுவார்கள், அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

சிஸ்டர், தை மாதம் செக்கப்புக்கு வரும்போது 12 தொப்பி எடுத்து வருகிறேன். எல்லாம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி. மொட்டைத் தலையில் தையல் உறுத்தும் என்று எனக்குத் தெரியும், அதனால் தையல் எல்லாவற்றையும் வெளிப்பக்கமாக வைத்து மடித்து அடித்திருக்கிறேன். அங்கே யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி தையல்கடை அக்கா