நடுக்கடலில் தராசு

பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டிவலி, அதனால்தான் தாமதம் என்று சொன்னால் நம்பமாட்டாய். எழுதுகிற கை நன்றாகத்தானே இருந்தது! உன் கேள்விதான் தடுத்தது. "உலகத்துக் கப்பல் எல்லாம் இத்தனை கோடி டன் கரியமில வாயு விடுகிறது என்று பேப்பரில் போடுகிறார்களே, நடுக்கடலில் யார் தராசு வைத்தது?" என்று கேட்டிருந்தாய். 28 வருஷம் எஞ்சின் ரூமில் கிடந்த எனக்கே சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கணக்குக்குப் புகையை யாரும் நிறுப்பதில்லை, எண்ணெயைத்தான் பார்க்கிறார்கள். கப்பல் எஞ்சினில் ஊற்றும் கன எண்ணெய் ஒரு டன் எரிந்தால் 3.114 டன் கரியமில வாயு. ஒன்று எப்படி மூன்றாகும் என்று உன் வாத்தியார் மூளை கேட்கும். எண்ணெயிலுள்ள கரி காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, எடை அங்கே ஏறுகிறது.

சரி, எரிந்த எண்ணெய் எவ்வளவு? பங்கர், அதாவது கப்பலுக்கு ஊற்றும் எண்ணெய், விற்றவர்களின் கணக்கைக் கூட்டலாம். ஆனால் சிங்கப்பூரில் நிரப்பியதைக் கப்பல் எந்தக் கடலில் எரித்தது என்று விற்பனை ரசீது சொல்லாது. அதனால் கப்பலையே பின்தொடர்கிறார்கள். போன மாதம் இங்கே பாடாங் கோத்தா கடற்கரையில் பசெம்போர் சாப்பிடும்போது அக்கா மகள் போனில் காட்டினாள்: எதிரே போன கண்டெய்னர் கப்பலின் பேர், வேகம், போகும் ஊர் எல்லாம் வந்தது. கப்பலுக்குக் கப்பல் மோதாமலிருக்க, தன் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் ஏ.ஐ.எஸ். கருவிதான். அது சொல்லும் வேகத்தை வைத்தே எஞ்சின் எவ்வளவு தின்றிருக்கும் என்று கணித்துவிடுகிறார்கள். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்கு எரிவது கால் பங்குக்கு மேல் குறையும். பயணம் நீளுவதால் மொத்தத்தில் மிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்புறம் காற்று, அலை, அடியில் ஒட்டிய பாசி, சிப்பி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார்கள்.

எஞ்சின் ரூம் பக்கமே வராமல் எங்கள் எண்ணெயை எண்ணுகிறார்களே என்று முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தால், எங்கள் கணக்கு மட்டும் என்ன சுத்தமா? கப்பல் ஆடும்போது டாங்கில் டேப் விட்டு அளப்பது ஒரு குத்துமதிப்பு. அதிலும் நான் வேலை பார்த்த ஒரு சீஃப் எஞ்சினியர், தினமும் மத்தியானம் கம்பெனிக்கு அனுப்பும் நூன் ரிப்போர்ட்டில் எரிந்ததைக் கொஞ்சம் கூட்டி எழுதி, மிச்சத்தை அவசரத்துக்கென்று பதுக்கி வைப்பார். காகிதத்தில் எரிந்துபோன எண்ணெய் டாங்கில் பத்திரமாக இருக்கும்! 2019-லிருந்து 5,000 கிராஸ் டன்னேஜுக்கு (இது எடையல்ல, கப்பலின் கொள்ளளவு) மேற்பட்ட கப்பல்கள் ஐ.எம்.ஓ.வுக்கு, அதாவது ஐ.நா.வின் கப்பல் துறை அமைப்புக்கு, எண்ணெய்க் கணக்கு அனுப்புகின்றன. அந்த சீஃப் மாதிரி ஆட்கள் இன்னும் இருந்தால் பாவம்தான்.

எனக்குத் தலை சுற்றியது வேறொரு இடத்தில். ஐ.எம்.ஓ. 2020-இல் விட்ட ஆய்வில் 2018-ஆம் ஆண்டின் மொத்தக் கப்பல் கரியமில வாயு 105.6 கோடி டன். அதில் சர்வதேசப் பங்கு ஒரு முறையில் 74 கோடி, இன்னொரு முறையில் 91.9 கோடி. அதே வருஷம், அதே கப்பல்கள். பழைய முறை கப்பலின் வகையையும் அளவையும் பார்த்து இது அயல்நாட்டுக் கப்பல் என்று முடிவு கட்டியது. புதிய முறை ஒவ்வொரு பயணமாகப் பார்க்கிறது: போர்ட் கிள்ளானிலிருந்து பினாங்கு வந்தால் அது மலேசியாவின் உள்நாட்டுக் கணக்கு, அதே கப்பல் இங்கிருந்து கொழும்புக்குப் போனால் சர்வதேசம். 1997-இன் கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்திலேயே சர்வதேசப் பங்கை எந்த நாட்டின் தலையிலும் கட்டாமல் ஐ.எம்.ஓ.விடம் தள்ளிவிட்டார்கள். ஆக, உள்நாடு எது, சர்வதேசம் எது என்ற கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சண்டையே இருக்கிறது. டேப் போட்டு அளக்கும் பிழையெல்லாம் இதற்குமுன் தூசு.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறாயல்லவா? தைப்பிங்கிலிருந்து ரயிலில் வந்து பட்டர்வொர்த்தில் இறங்கு, ஃபெரி பக்கத்திலேயே. நாம் ஏறிய பழைய இரண்டடுக்கு ஃபெரி இல்லை, புதுசு, கார் ஏற்றமாட்டார்கள். நான் இந்தக் கரையில் நிற்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்