உங்கள் தண்ணீர் வடிகட்டி ஈயத்தைப் பிடிக்கிறதா இல்லையா, நேராகச் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

எங்கள் புளோக் கீழே வெற்றுத்தளத்தில் மேசை போட்டு விற்ற உங்கள் வடிகட்டியை 689 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கினேன். வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் கும்பிடு பொம்மையும் அதே விளம்பரப் படமும்தான் பதிலாக வருகின்றன, அதனால்தான் இந்தக் கடிதம்.

விற்க வந்த தம்பி, "பேரப்பிள்ளைக்குப் பால் கலக்குற தண்ணீர் அக்கா, ஈயம் இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகமே சொல்கிறது. சரி, பழைய வீடு, பழைய குழாய், கூடுதல் பாதுகாப்பு இருக்கட்டுமே என்றுதான் வாங்கினேன். ஆனால் அவர் காட்டிய நிரூபணம் என்ன? ஒரு டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கினார், அப்புறம் வடிகட்டிய தண்ணீரில் முக்கினார், எண் பாதிக்கும் கீழே இறங்கியது, அவ்வளவுதான். அந்த மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணக்குப் போடுகிறது, ஈயம் எது சோடியம் எது என்று அதற்குத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு ஈயம் இருந்தால்கூட, முழு மில்லிகிராமில் எண் காட்டும் அந்த மீட்டரில் ஒன்றும் தெரியாது.

அதைவிட வேடிக்கை இன்னொன்று. உங்கள் துண்டறிக்கையில் ஒரு பக்கம் "சியோலைட் படிகம்" என்று இருக்கிறது, மறு பக்கம் "நோபல் பரிசு பெற்ற எம்ஓஎஃப் தொழில்நுட்பம்" என்று இருக்கிறது. இரண்டும் நுண்துளைப் படிகங்கள்தான், ஆனால் ஒன்றல்ல. சியோலைட் தன் துளைக்குள் இருக்கும் சோடியத்தை வெளியே விட்டுவிட்டு அந்த இடத்தில் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் மொத்த உப்பின் எண் பெரிதாக இறங்கவே கூடாதே! இறங்கியது என்றால் உள்ளே உப்பை நீக்கும் சாதாரணப் பிசினோ சவ்வோ வேலை செய்கிறது என்று அர்த்தம், அப்புறம் படிகத்துக்கு எதற்கு இவ்வளவு விலை?

எம்ஓஎஃப் என்பது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய கூடு. 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது அதை வளர்த்தெடுத்த கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கு, உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு அல்ல. துளைச் சுவரில் கந்தகக் குழுக்களை ஒட்டவைத்தால் ஈயமும் பாதரசமும் நன்றாகப் பிடிபடும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லா எம்ஓஎஃப்பும் தண்ணீரில் தாங்காது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான சிர்கோனிய வகை உறுதியானது. துத்தநாகத்தில் கட்டிய எம்ஓஎஃப்-5 ஈரப்பதத்திலேயே சிதைந்துவிடும். உங்களுடையது எது?

இதை நான் சும்மா கேட்கவில்லை. வடிகட்டிய தண்ணீரை இரவு எவர்சில்வர் செம்பில் பிடித்து வைத்தால், காலையில் அடியில் மாவு மாதிரி மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, விரலால் தேய்த்தால் நறநறக்கிறது. குழாயிலிருந்து நேராகப் பிடித்தால் படிவதில்லை. இந்தப் படிகங்கள் இயல்பில் பொடிதான், மணியாகவோ சவ்வாகவோ ஒழுங்காக இறுக்காவிட்டால் தண்ணீரோடு வரத்தான் செய்யும். உலோகத்தைப் பிடிக்க வாங்கிய சாமான் தன் உலோகத்தையே தண்ணீரில் கரைத்து விட்டால் யார் பொறுப்பு?

எனக்கு வேண்டியது இதுதான்: உள்ளே இருக்கும் பொருளின் பெயர், அதில் என்ன உலோகம், வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் ஈயம் எவ்வளவு என்ற ஆய்வக அறிக்கை, எத்தனை லிட்டரில் துளைகள் நிரம்பிவிடும் என்ற கணக்கு. இரண்டு வாரத்தில் இவை வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுப்பேன், அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ரசீது, துண்டறிக்கை, செம்பின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பணத்தை பேநவ்வில் அனுப்பினால் போதும். வடிகட்டியைக் கழற்ற ஆள் வரும்போது, குழாயில் முன்பு இருந்த வாய்ப்பகுதியை மறுபடி மாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாடிக்கையாளர்