தாடை வலிக்குக் காரணம் கண்டு தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்னிமலையில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் நான், வலக் காதுக்கு முன்னால் தொடங்கிக் கன்னத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவிய வலியோடு நெடுநாள் அல்லாடியதை எங்கள் ஊரில் பலரும் அறிவர். அந்த வலி தாடை மூட்டிலிருந்தும் அதை அசைக்கும் தசைகளிலிருந்தும் வருகிறது என்று கண்டறிந்து என்னைத் தேற்றியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆயினும் அதே இடத்தில் வலியை உண்டாக்கும் நோய்கள் பல இருப்பதாலும், ஒன்றுக்குரிய மருத்துவம் மற்றொன்றுக்குச் சற்றும் பொருந்தாது என்பதாலும், அவர்கள் எவ்வளவு பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதைப் பொதுவில் எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

முதல் நன்றி பெருந்துறையில் உள்ள பல் மருத்துவருக்கு. கடைவாய்ப்பல்தான் காரணம், அதைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று உறவினர் எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் ஒவ்வொரு பல்லையும் தட்டிப் பார்த்தார். குளிர்ந்த பஞ்சை வைத்துக் கூச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்தார். விரிசல் இருக்குமோ என்று ஒவ்வொரு பல்லாகக் கடிக்கச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்து ஞானப்பல்லின் ஈறுவரை ஆராய்ந்தார். பிறகு, "பல்லு எல்லாம் நல்லா இருக்குதுங்கம்மா, நல்ல பல்லைப் பிடுங்க நான் கை வைக்க மாட்டேனுங்க" என்றார். பிடுங்கியிருந்தால் அவருக்குக் கட்டணம் கிடைத்திருக்கும்; எனக்குப் பல்லும் போய், வலியும் மிஞ்சியிருக்கும்.

ஈரோட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறை தெளிவாக இருப்பதைக் கண்டதோடு என்னை அனுப்பிவிடவில்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடச் சொன்னார். அங்கே எழுந்த 'டக்' ஒலியைத் தம் விரலால் உணர்ந்து, காது அடைத்ததுபோல் இருப்பதும் உள்ளே இரைவதும்கூடத் தாடை மூட்டுக் கோளாறில் வரக்கூடும் என்று விளக்கி, கோவையில் உள்ள பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கல்லூரியில் என்னைப் பார்த்த மருத்துவர் அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொன்னாலும் போதாது. கீழ்த்தாடையின் உருண்டைத் தலை, காதுக்கு முன்னால் மண்டையோட்டில் உள்ள குழியில் பொருந்தியிருப்பதையும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருப்பதையும், வாய் திறக்கத் தொடங்கும்போது அந்த மூட்டு கதவின் கீல்போலச் சுழன்று, அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கி நகர்வதையும் தாளில் வரைந்து காட்டினார். நன்றாக இருப்பவருக்கு வாய் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அளவுக்காவது, அதாவது மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டும். எனக்கு இரண்டு விரல்கூடச் சிரமப்பட்டே நுழைந்தது.

அதன்பின் அவர் கேட்ட கேள்விகளையும், ஒவ்வொன்றையும் ஏன் கேட்டார் என்பதையும் இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. முகம் கழுவும்போதோ காற்று படும்போதோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் வெட்டி இழுக்கிறதா என்று கேட்டார். அப்படியிருந்தால் அது முக நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. சாப்பிட உட்காரும்போது தாடைக்குக் கீழே வீங்குகிறதா என்றார். உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருந்தால் அப்படி ஆகும். காலையில் விரல் மூட்டுகள் இறுகிக் கிடக்கின்றனவா என்று கேட்டது முடக்குவாதத்தை மனத்தில் வைத்து. நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து, நின்றால் தணிகிறதா என்று கேட்டுவிட்டு, இதய நோய் தாடை வலியாக மட்டும் வெளிப்படுவது உண்டு, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றார். என் அத்தை உடன் வந்திருந்ததால் அவரையும் பார்த்து ஒன்று சொன்னார்: 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, தலை வாரும்போது தலைத்தோல் நொந்து, மென்று கொண்டிருக்கையில் தாடை வலித்து, நிறுத்தினால் விட்டுவிடுமானால், அது தலையின் இரத்தக்குழாய்ச் சுவர் வீங்கும் தமனி அழற்சியாக இருக்கலாம், உடனே இரத்தப் பரிசோதனை செய்து ஸ்டீராய்டு மருந்து தொடங்காவிட்டால் கண்பார்வையே போய்விடக்கூடும். அத்தைக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்தும், கேட்காமலே இதைச் சொன்ன அக்கறையை நாங்கள் மறக்க மாட்டோம்.

கடிவாயை, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதத்தைச் சரிசெய்யப் பற்களை இராவ வேண்டுமா என்று என் கணவர் கேட்டபோது மருத்துவர் அம்மா சொன்ன வரலாறும் குறிப்பிடத்தக்கது. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், காதுத் தொல்லைகளையும் தாடை மூட்டையும் இணைத்துக் கட்டுரை எழுதினார். பின்பற்களை இழப்பதால் மூட்டு அழுந்துகிறது என்ற அவருடைய விளக்கம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் கடிவாயே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. திரும்பப் பெற முடியாத எதையும் முதலில் செய்யக் கூடாது என்பதே இன்றைய நெறி என்றார் மருத்துவர் அம்மா. அது மிகச் சரி என்றே நானும் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தக் கல்லூரியின் காத்திருப்புக் கூடத்தில் பழகியவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், நரம்பு வலியைப் பல்வலி என்று கொண்டு வெவ்வேறு இடங்களில் பற்களைப் பிடுங்கிக்கொண்டவர். நரம்பை இரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கார்பமசெபின் மாத்திரை கொடுத்த பிறகே நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார். திருப்பூரில் சரக்கு வண்டி ஓட்டும் தம்பி ஒருவருக்கு வாய் திறக்காமல் போனது மூட்டினால் அல்ல, பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்தோல் நாராக இறுகியதால். அது புற்றுநோயாக மாறவும் கூடும் என்பதால் தொடர்ந்து வந்து காட்டிக்கொள்ளும் அவர், தம் நோயை மறைக்காமல் எல்லோரிடமும் எடுத்துச் சொன்னார். அந்த மனத்துணிவை வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட மருத்துவம் எளியது. உறக்கத்தில் பற்களை நெரிப்பதைத் தாங்க இரவில் அணியும் பல் கவசம், வெந்நீர் ஒத்தடம், சில நாள்களுக்கு மட்டும் வலி மாத்திரை, பிசியோதெரபி அம்மா கற்றுத்தந்த தாடைப் பயிற்சிகள். உதடுகள் மூடியிருக்கும்போதும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நாக்கின் நுனி மேலண்ணத்தில் இளைப்பாற வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தீபாவளித் தள்ளுபடி விற்பனைக் கணக்கை முடிக்கும் காலத்தில் பற்களை இறுகக் கடித்தபடியே நாள் முழுக்க இருந்ததை அவரே சுட்டிக்காட்டினார்.

வீட்டில், மெல்லச் சிரமமில்லாத உணவே எனக்கு வேண்டும் என்று அத்தை தம் சமையலையே மாற்றிக்கொண்டார். அரிசியையும் பருப்பையும் குழைய வேகவைப்பார். இடியாப்பம் போன்ற சந்தகையைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துத் தருவார். முறுக்கையும் கரும்பையும் என் கண்ணில் படாமல் வைத்தார். சங்கத்தின் செயலாளர் ஐயா, பேசிப் பேசி வலி கூடும் என்பதால் விற்பனை மேடையிலிருந்து என்னை விடுவித்து, உறுப்பினர்களின் கேள்விகளுக்குத் தாமே பதில் சொன்னார். நெசவாளர்களும் கூலிக் கணக்கில் ஐயம் வந்தால் சீட்டில் எழுதிக் கொடுத்து எனக்கு ஒத்துழைத்தார்கள்.

இப்போது வலி பெரும்பாலும் தணிந்துவிட்டது. 'டக்' ஒலி மட்டும் இருக்கிறது. வலியில்லாத ஒலிக்கு மருத்துவம் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சுற்றுவட்டாரத்தில் இதே தொல்லை உள்ளவர்கள் மதிய இடைவேளையில் சங்கத்துக்கு வந்தால், எந்தப் பிரிவில் எதைச் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும் என்று நான் பட்டறிந்ததைச் சொல்லித் தருகிறேன். துணைக்கு ஆளில்லாத பெண்களோடு கோவைக்கு உடன் வரவும் அணியமாக இருக்கிறேன்.

நன்றியுடன்,
சங்கக் கணக்கர்,
சென்னிமலை