ஓடுபாதை வந்தபின் களஞ்சியத்தை யார் திறப்பார்கள்?

பிரிட்டன் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைக்காக, அதையொட்டிய ஹார்மன்ட்ஸ்வொர்த் ஊரின் பெரும்பகுதி போய்விடும், அங்குள்ள பெரிய களஞ்சியம் மட்டும் தப்பிவிடும் என்கிறார்கள். இந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை.

வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணைத் தானியத்தைச் சேர்த்துவைக்க 1426ஐ ஒட்டிக் கட்டிய களஞ்சியம் இது. 58 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். உள்ளே இரு வரிசையாக ஓக் தூண்கள். ஈரம் ஏறி அடிமரம் உளுத்துப்போகாமலிருக்க ஒவ்வொன்றையும் கல்லின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மரத்தின் முனையில் நாக்குபோலச் செதுக்கிய கழுந்தை இன்னொன்றின் துளையில் செருகி மர ஆணியால் இறுக்கிய சட்டங்கள்தான் கூரையின் மொத்தப் பாரத்தையும் தாங்குகின்றன. பக்கச் சுவர் வெறும் பலகை. ஆறு நூற்றாண்டு ஆகப்போகிறது, பெரும்பாலான மரங்கள் அன்று நிறுத்தியவையே. தச்சுவேலை தெரிந்தவர்கள் உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வரமாட்டார்கள்!

இவ்வளவு உறுதியான கட்டடத்துக்கு ஆபத்து வந்தது கவனிப்பார் இல்லாதபோதுதான். 2006இல் ஜிப்ரால்டரில் பதிவான நிறுவனம் ஒன்று இதை 1 பவுண்டுக்கு வாங்கியது. ஆமாம், ஒரே ஒரு பவுண்டு. விமான நிலையம் விரிவடைந்தால் இழப்பீடு கிடைக்கும் என்ற கணக்கு என்று அப்போதே பேச்சு. பூட்டிக்கிடந்த களஞ்சியம் சீரழிந்தது. கடைசியில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 2012இல் 20,000 பவுண்டு கொடுத்து வாங்கிப் பழுதுபார்த்தது.

இப்போது கோடைகாலத்தில் மாதம் இரண்டு ஞாயிறு அதைத் திறந்து, வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டுபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஊரைக் காலிசெய்துவிட்டால் யார் வந்து கதவைத் திறப்பார்கள்? கூரை ஓட்டில் விரிசல் விட்டால் முதலில் யார் கண்ணில் படும்? மரத்தைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பூட்டலாம்தான். ஆனால் பக்கத்துத் தேவாலயத்தையும் சுற்றியுள்ள பழைய தெருக்களையும் எப்படிக் கழற்றுவது?

விமானப் போக்குவரத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் ஹீத்ரோவில்தான் ஏறுகிறேன். ஓடுபாதைக்கு அனுமதி தரும் முன், அதிர்வும் இரைச்சலும் இந்த மரச்சட்டத்தை என்ன செய்யும், ஊர் போனபின் பராமரிப்புச் செலவு யாருடையது, பொதுமக்கள் உள்ளே வர எந்த வழி என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். அப்புறம், அந்தப் பதிலை ஹார்மன்ட்ஸ்வொர்த்துக்கே நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மேற்கு லண்டன்வாசி ஒருவன்