பேரவைச் செயலாளரான மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

மரியே வாழ்க. கத்தோலிக்கக் கோயிலில் சாமியாருக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையின் செயலாளர் பொறுப்பு உன்னிடம் வந்ததில் எங்களுக்கு நிறைவு. பூசைக்கும் கூட்டத்துக்கும் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். சனங்களுக்குப் பக்தி குறையவில்லை தாயி, நேரம்தான் இல்லை.

முதலில் பூசை நேரத்தைப் பார். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். ஆண்கள் மீன் இறக்குவார்கள், பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு பூசை வைத்தால் எப்படி வருவார்கள்? ஞாயிறு மாலைப் பூசை ஒன்று கேள். அதே சாமியார் போய்ப் பூசை வைக்க வேண்டிய கிளைக் கிராமங்கள் இருந்தால் அவருக்கும் கஷ்டம்தான். ஆயர் அனுமதி இருந்தாலும் ஞாயிறன்று ஒரு குரு மூன்று பூசைக்கு மேல் வைப்பதில்லை. அப்படியானால் காலைப் பூசை ஒன்றைச் சனி மாலைக்கு மாற்றலாம். திருச்சபைச் சட்டம் 1248-இன்படி அதுவும் ஞாயிறு பூசை காண வேண்டிய கடமைக்குச் சேரும். கடல் வேலை இல்லாத குடும்பங்கள் அதற்கு வரட்டும்.

அடுத்து, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, இளையோர், விழாக் குழு எனக் கோயில் குழுக்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுது. பக்கத்தில் பொறுப்பாளர் பெயரைப் போடு. அதே ஏழெட்டுப் பேர்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்கள் களைத்தால் எல்லாமே நின்றுபோகும். ஆளுக்கு ஒரு பொறுப்பு போதும். பேரவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடட்டும். நிதிக்குழுவை மட்டும் நிறுத்திவிடாதே. சட்டம் 537 அதைக் கட்டாயமாக்குகிறது, கணக்கு தெளிவாக இருந்தால்தான் ஊரில் சண்டை வராது.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் நாற்பது நிமிடத்தைத் தாண்டக் கூடாது: ஒரு பாட்டு, வரும் ஞாயிறு நற்செய்தி, பகிர்வு, மன்றாட்டு. டீ, பலகாரம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல். ஒரு வீட்டில் வடை போட்டால் அடுத்த வீட்டில் கேசரி கிண்ட வேண்டியிருக்கும். வசதியில்லாத வீடு "இந்த மாதம் வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொள்ளும். அன்பியம் படுத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்பு, ஆண்களுக்கான தியானம் இரண்டையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும்.

பத்து நாள் திருவிழாவைச் சுருக்கச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதே. வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வருவதே அதற்காகத்தான். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவதிலும் நேரம் பார்க்காதீர்கள். படுக்கையில் இருப்பவர்களின் பெயர், வீடு, தெரு எழுதிய பட்டியலை இந்த வாரமே சாமியார் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா, அம்மா